எந்திரம் யாரைக் கண்காணிக்க வேண்டும்? அருவிக்கரையில் ஒரு நாப்கின் கணக்கு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருக்கிறது மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதிச் சாரல் விழத் தொடங்கியதும் இந்தச் சாலையில் வேன்களும் பேருந்துகளும் வரிசை கட்டுகின்றன. பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று குளித்துத் திரியும் கூட்டத்தில் பாட்டி முதல் பேத்திவரை பெண்கள் இருக்கிறார்கள். கூட்டம் கூட்டமாக வரும் இந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு அன்று மாதவிடாய் இருக்கும்?

இதற்குத் தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். சுழற்சி 28 நாள், உதிரப்போக்கு 5 நாள் என்று வைத்துக்கொண்டால், மாதவிடாய் வயதிலுள்ள ஆயிரம் பெண்களில் எந்த ஒரு நாளிலும் சுமார் 180 பேருக்கு மாதவிடாய் இருக்கும். கருவுற்றவர்கள், பாலூட்டுகிறவர்கள், கருப்பை நீக்கம் செய்துகொண்டவர்களைக் கழிக்க வேண்டும். தேதி பார்த்துப் பயணத்தைத் தள்ளிவைப்பவர்களும், கோயில் பயணம் என்பதால் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை விழுங்கி வருபவர்களும் உண்டு. இவர்களை எல்லாம் விலக்கினாலும் ஆயிரத்துக்கு 120 பேர் என்று கொள்வதில் தவறில்லை. அவர்களில் மூன்றில் ஒருவருக்காவது தேதி முந்தியிருக்கும், அல்லது கொண்டுவந்தது தீர்ந்திருக்கும், அல்லது பை வேனில் இருக்கும். ஆக, ஆயிரம் பெண்கள் வரும் ஒரு நாளில் நாற்பது பேர் பொதுக் கழிப்பறைக்குள் நின்றுகொண்டு ஒரு நாப்கினைத் தேடுகிறார்கள்.

இந்த நாற்பது பேருக்குத் தொழில்நுட்பம் என்ன செய்ய முடியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சுவரில் ஒரு தானியங்கி எந்திரத்தை மாட்டிவிடுவதுதான் உடனே தோன்றும் விடை. அந்த எந்திரம் பெரும்பாலும் எங்கே, ஏன் நின்றுபோகிறது என்று பார்த்தால், தொழில்நுட்பத்தை நாம் தவறான பக்கத்தில் வைத்திருக்கிறோம் என்பது புரியும்.

வீட்டில் கிடைப்பது, வழியில் கிடைக்காதது

மாதவிடாய்ச் சுகாதாரத்தில் தமிழ்நாட்டின் புள்ளிவிவரங்கள் பெருமைப்படத் தக்கவை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 24 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 77.3 சதவீதம் பேர் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். நான்காவது ஆய்வில் இது 57.6 சதவீதமாக இருந்தது. தமிழ்நாட்டில் இந்த விகிதம் ஏறக்குறைய 98 சதவீதம்.

இந்த உயர்வுக்கு அரசின் பங்கும் உண்டு. 2011–12இல் தொடங்கிய மாதவிடாய்ச் சுகாதாரத் திட்டத்தில், கிராமப்புறத்தில் 10 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களுக்குப் ‘புதுயுகம்’ நாப்கின் இலவசமாகக் கிடைத்தது. பிரசவித்த தாய்மார்களும் சிறையிலிருக்கும் பெண்களும்கூட அதில் சேர்க்கப்பட்டார்கள். பிறகு நகர்ப்புறத்துக்கும் திட்டம் விரிந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நாப்கினுக்கு விதிக்கப்பட்ட 12 சதவீத வரி, எதிர்ப்புக்குப் பின் 2018 ஜூலையில் நீக்கப்பட்டது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2018இல் ரூ.2.50க்கு விற்கத் தொடங்கிய நாப்கின், 2019 ஆகஸ்டிலிருந்து ஒரு ரூபாய்க்கு வந்தது.

ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லாமே வீட்டை மனத்தில் வைத்து உருவானவை. புதுயுகத்தில் ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு 18 பாக்கெட். பாக்கெட்டுக்கு 6 வீதம் 108 நாப்கின்கள். மாதத்துக்குப் பிரித்தால் ஒன்பது. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற பொதுவான மருத்துவ அறிவுரைப்படி, இரவு உறக்க நேரத்தைக் கழித்தாலும், ஐந்து நாளைக்குப் பதினைந்துக்குக் குறையாமல் வேண்டும். வீட்டுத் தேவைக்கே பற்றாத அந்த ஒன்பதிலிருந்து பயணத்துக்கு எதை எடுத்து வைப்பது? ஆய்வுகளின் கேள்விகளும் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. யுனிசெஃப் ஆதரவில் பல நாடுகளில் நடக்கும் வீட்டுக் கணக்கெடுப்பில், மறைவாகக் கழுவவும் மாற்றவும் இடம் இருந்ததா என்ற கேள்வி, “வீட்டில் இருக்கும்போது” என்றுதான் கேட்கப்படுகிறது. உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஒரே சீரான தேசியக் கொள்கை வகுக்கும்படி மத்திய அரசிடம் கூறியது. அதுவும் பள்ளி மாணவியர் சார்ந்த வழக்கில்தான். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே, பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் அருவிக்கரையிலும் ஒரு பெண் கழிக்கும் நேரம் எந்தத் திட்டத்தின் கணக்கிலும் ஏறவில்லை.

அந்த நேரமோ கூடிக்கொண்டே போகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. காய்கறி விற்க, பீடி இலை வாங்க, ஆஸ்பத்திரிக்கு, கல்லூரிக்கு என்று தென்காசி வட்டாரப் பெண்கள் முன்னைவிட அதிகமாக வெளியே வருகிறார்கள். சீசன் காலத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூடையில் அடுக்கிக் காலை முதல் இருட்டும்வரை அருவிக்கரையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும், அதே கரையைக் கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளரும் பொதுக் கழிப்பறையின் அன்றாடப் பயனாளிகள். சுற்றுலாப் பயணி ஒரு நாளில் போய்விடுவார். இவர்கள் சீசன் முழுக்க அங்கேதான் இருப்பார்கள்.

வாய் திறக்காமல் வாங்குவது

நாப்கின் எந்திரத்தின் பயனைப் புரிந்துகொள்ள நூறாண்டு பின்னோக்கிப் போக வேண்டும். முதல் உலகப்போரில் காயங்களுக்குக் கட்டுப்போட மரக்கூழிலிருந்து செய்த ‘செல்லுகாட்டன்’ என்ற பஞ்சைச் செவிலியர்கள் தங்கள் மாதவிடாய்க்கும் பயன்படுத்தினார்கள். போர் முடிந்ததும் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் அதையே ‘கோடெக்ஸ்’ என்று 1920 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொருள் நல்லது, விலையும் கட்டுப்படியானது, ஆனால் விற்கவில்லை. கடைக்கார ஆணிடம் வாய்விட்டுக் கேட்கப் பெண்கள் கூசினார்கள். கடைசியில் மேசைமேல் பாக்கெட்டுகளை அடுக்கி, பக்கத்தில் காசு போட ஓர் உண்டியலை வைத்தார்கள். எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகலாம். யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஜான்சன் & ஜான்சன் நிறுவனம் தன் ‘மோடெஸ்’ நாப்கினுக்கு 1928இல் வேறொரு வழி கண்டது. பத்திரிகை விளம்பரத்தில் ஒரு சீட்டு. அதைக் கத்தரித்து நீட்டினால் கடைக்காரர் பேசாமல் பாக்கெட்டை எடுத்துத் தருவார்.

அந்த உண்டியலின் வாரிசுதான் இன்றைய எந்திரம். நம் ஊர் மருந்துக்கடையிலும் பெட்டிக்கடையிலும் கூட்டம் கலையும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டு, செய்தித்தாளிலோ கறுப்புப் பையிலோ சுற்றித் தருவதை வாங்கி ஒளித்துக்கொண்டு வருவது இன்னும் மறைந்துவிடவில்லை. உறவுக்காரர் இருபது பேர் ஒரு வேனில் வந்திருக்கையில், “தூரம்” ஆகிவிட்ட மருமகள் யாரிடம் போய்ச் சொல்வாள்? பேரருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில். சொன்னால் அன்றைய பயணத்தின் பாதி நேரம் அவள் வேனில் உட்கார்ந்திருக்க நேரலாம். பேசாமல் தேவையைத் தீர்த்துக்கொள்ள வழி தருவதுதான் எந்திரத்தின் முதற்பெரும் பயன். அந்த வழியில் ஒரு தடை குறுக்கிட்டாலும் எந்திரம் இருந்தும் இல்லாததுதான்.

எந்திரம் நிற்கும் இடங்கள்

நாணயம் போட்டால் நாப்கின் தரும் எந்திரத்தின் உள்ளமைப்பு எளியது. போட்ட நாணயத்தின் விட்டம், தடிமன், உலோகம் மூன்றையும் ஓர் உணர்கருவி சரிபார்க்கும். சரியென்றால் சிறிய மின்மோட்டார் ஒரு சுருள்கம்பியை ஒரு சுற்றுச் சுழற்றும். முன்வரிசையிலிருக்கும் பாக்கெட் கீழே விழும். சுவரில் மாட்டும் சிறிய எந்திரத்தில் சில பத்து நாப்கின்கள்தான் கொள்ளும்.

சிக்கல் முதலில் நாணயத்தில் தொடங்குகிறது. நம்மிடம் ஒரே மதிப்புக்குப் பல வார்ப்புகள் புழங்குகின்றன. பழைய தடித்த ஐந்து ரூபாய், பின்னால் வந்த மஞ்சள் ஐந்து ரூபாய், 2019இல் வந்த புது வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் எடையும் உருவமும் வேறு. ஒன்றுக்குப் பழக்கிய எந்திரம் மற்றொன்றைத் துப்பிவிடும். பத்து ரூபாய் நாணயத்தைச் சொல்லவே வேண்டாம். அது செல்லாது என்ற வதந்தி தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வேரூன்றிப்போய், 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிவிக்க வேண்டியிருந்தது. கடைக்காரரும் நடத்துநரும் வாங்க மறுத்த காசைப் பெண்கள் பர்ஸில் வைத்திருப்பார்கள் என்று நம்பி எந்திரம் மாட்டுவதில் பொருளில்லை.

அடுத்தது ஈரப்பதம். சாரல் காலத்தில் குற்றாலத்தின் சுவர்களே வியர்க்கும். உறிஞ்சுவதற்கென்றே செய்த பொருளை அத்தகைய காற்றில் காகித உறையோடு வைத்தால் உறை நைந்து ஒட்டிக்கொள்ளும். சுருள் சுற்றும், பாக்கெட் விழாது. மின்சாரம் போனாலும் இதே கதைதான்.

மூன்றாவதும் பெரியதுமான சிக்கல் நிரப்புதல். எந்திரம் வாங்க ஒரு நிதி இருக்கும். ரோட்டரி சங்கமோ வங்கியோ சமூகப் பொறுப்பு நிதியில் வாங்கித் தரும். ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கப்படும். உள்ளே போட்ட முதல் சுமை தீர்ந்ததும் சாவி யாரிடம், சரக்கு யார் செலவில், எந்தத் தலைப்பில் பில் போடுவது என்ற கேள்விகள் வரும். பதிலில்லாத எந்திரம் காலியாகச் சுவரில் தொங்கும்.

இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. நான்சி கிரேமர் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஃப்ரீ தி டாம்பான்ஸ்’ இயக்கத்துக்காக 2013இல் ஓர் ஆய்வு நடந்தது. வெளியிடத்தில் கையில் எதுவும் இல்லாதபோது மாதவிடாய் வந்த அனுபவம் உண்டு என்றவர்கள் 86 சதவீதம். பொதுக் கழிப்பறை எந்திரம் எப்போதும் வேலை செய்கிறது என்றவர்கள் 8 சதவீதம். நாணய எந்திரம் பல தலைமுறையாகப் புழங்கும் பணக்கார நாட்டின் நிலை இது.

அருவிக்குப் போகும் கை

நாணயச் சிக்கலுக்கு இன்று சொல்லப்படும் தீர்வு யூபிஐ. திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டைக் கைபேசியால் படித்துப் பணம் செலுத்தினால், எந்திரத்துக்குள் இருக்கும் சிம் வழியாக வங்கியின் உறுதி வந்து மோட்டார் சுழலும். ரயில் நிலையத்திலும் கல்லூரி விடுதியிலும் இது நன்றாகவே நடக்கக்கூடும். குற்றாலத்தில் நடக்காது.

காரணம் அருவிதான். குளிக்கப் போகும் பெண் கைபேசியையும் பர்ஸையும் எடுத்துக்கொண்டு அருவிக்குள் போவதில்லை. கரையில் பைகளைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணனிடமோ மாமியாரிடமோ கொடுத்துவிட்டு, துண்டும் மாற்றுத்துணியுமாகத்தான் போகிறாள். குளித்துவிட்டு ஈரத்துணியோடு உடைமாற்றும் அறைக்கு வருகிற அந்த நேரத்தில்தான் நாப்கின் தேவைப்படுகிறது. குளிக்கும்போது வைத்திருந்தது அருவித் தண்ணீரை உறிஞ்சி ஊறி உதவாமல் போயிருக்கும். அவள் கையில் அப்போது காசும் இல்லை, கைபேசியும் இல்லை. அவற்றை வாங்க வெளியே போனால், எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்கும். உண்டியல் ஒழித்த அதே பேச்சை யூபிஐ எந்திரம் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது.

சொந்தக் கைபேசி இல்லாத பெண், கைபேசி இருந்தும் வங்கிச் செயலி கணவர் பெயரிலுள்ள பெண், பதின்மூன்று வயதுச் சிறுமி ஆகியோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பணம் செலுத்திய செய்தி போகும் எண் வீட்டு ஆணுடையதாக இருந்தால், அவளுக்கு இன்று மாதவிடாய் என்ற சேதியும் கூடவே போகிறது. பெண் எந்தத் தேதியில் எங்கே நாப்கின் எடுத்தாள் என்ற பதிவு ஒரு நிறுவனத்தின் கணினியில் சேர்வதும் சின்ன விஷயமில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமையை நீக்கியபோது, மாதவிடாய்த் தேதியைக் குறித்துவைக்கும் செயலிகளைப் பெண்கள் பலர் அச்சத்தோடு நீக்கியது இந்தக் காரணத்தால்தான்.

இதிலிருந்து இடம் பற்றிய முடிவும் கிடைக்கிறது. அருவிக்கரையில் நாப்கின் இருக்க வேண்டிய முதல் இடம் கழிப்பறையின் வெளிச்சுவர் அன்று; உடைமாற்றும் அறையின் உட்புறம். தண்ணீர் தெறிக்காத உயரத்தில், மூடியுள்ள பெட்டியில், காசு கேட்காமல் அது இருக்க வேண்டும்.

ஜப்பானும் ஸ்காட்லாந்தும்

கைபேசியை வைத்தே இலவசமாகத் தரும் வழியை ஜப்பான் முயன்றது. ‘ஓய்டெரு’ என்ற நிறுவனம் 2021 ஆகஸ்டில் சைதாமா மாகாணத்தின் ஒரு வணிக வளாகத்தில் தன் எந்திரங்களை முதன்முதலாகப் பொருத்தியது. கழிப்பறை அறை ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சிறு திரை. அதில் விளம்பரம் ஓடும். செயலியுள்ள கைபேசியை அருகே கொண்டுபோனால் ஒரு நாப்கின் வரும், பணமில்லை. விளம்பர வருமானம் சரக்குச் செலவை ஏற்கிறது. ஒருவர் குறிப்பிட்ட காலத்தில் எத்தனை எடுக்கலாம் என்பதற்குச் செயலியில் வரம்பு உண்டு. கதவைச் சாத்திக்கொண்ட பிறகு கை எட்டும் தூரத்தில் வைத்தது இதன் சிறப்பு. கைபேசி இல்லாதவருக்குக் கதவு அடைத்தே இருக்கிறது என்பது குறை.

ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. மோனிகா லெனன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவை ஸ்காட்டிஷ் நாடாளுமன்றம் 2020 நவம்பர் 24 அன்று நிறைவேற்றியது. 2022 ஆகஸ்ட் 15இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேவைப்படும் எவருக்கும் மாதவிடாய்ப் பொருட்கள் இலவசமாகக் கிடைக்கச் செய்வது உள்ளாட்சிகளின் கடமை என்றது அந்தச் சட்டம். அங்கே நூலகத்திலும் சமூகக்கூடத்திலும் பெரும்பாலும் இருப்பது திறந்த கூடையோ பெட்டியோதான். தொழில்நுட்பம் வருவது வேறிடத்தில்: பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று காட்டும் கைபேசிச் செயலியில். பொருளை எடுக்கச் செயலி தேவையில்லை. இடத்தைத் தெரிந்துகொள்ள மட்டும் உதவும்.

ஜப்பான் எந்திரம் தொழில்நுட்பத்தைப் பெண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே நிறுத்துகிறது. ஸ்காட்லாந்து அதை ஓரமாக நிறுத்தி, யார் தர வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுதிவிடுகிறது. நமக்கு நெருக்கமான பாடம் இரண்டாவதில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாதை புதிதும் அன்று. கோயம்புத்தூரின் அருணாச்சலம் முருகானந்தம் பல ஆண்டு முயன்று உருவாக்கிய மலிவு விலை நாப்கின் எந்திரம், கடையில் விற்கும் பொருளை ஊர்ப் பெண்களே செய்யக்கூடிய பொருளாக மாற்றியது. அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மின்னணுவியல் திறமையைவிட, எந்திரத்தை மகளிர் சுயஉதவிக் குழு கையாளும் அளவுக்கு எளிமையாக்கியதுதான் அவர் சாதனை. செய்ய முடிந்த குழுவால் நிரப்பவும் முடியும்.

சிற்றாறுவரை போகும் கழிவு

நாப்கின் கிடைக்கச் செய்வது பாதி வேலைதான். பயன்படுத்தியதை எங்கே போடுவது என்பதற்கு விடையில்லாத கழிப்பறையில் அது பீங்கான் குழிக்குள் போய் அடைக்கும். சன்னல் வழியாகப் பின்புறப் புதரில் விழும். குற்றாலத்தில் பின்புறம் என்பது ஓடை. இந்த மலையில் இறங்கும் தண்ணீர் சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதிக்க நேர்ந்த இடம் இது. மேலுறையும் அடித்தாளும் பிளாஸ்டிக்காக, நடுவில் நீரை உறிஞ்சி ஊதும் பாலிமர்த் துகளோடு இருக்கும் நாப்கின் சோப்பைப்போல் கரைந்து போகாது.

எந்திரத்தோடு சேர்த்து விற்கப்படும் தீர்வு, மின்சாரத்தில் எரிக்கும் எரிப்பான். பெரும்பாலான சிறு எரிப்பான்களில் ஒரு சூடேறும் கம்பிச்சுருளும் ஒரு புகைக்குழாயும்தான் உண்டு. பிளாஸ்டிக்கும் பாலிமரும் எரியும்போது நச்சான டயாக்சின், ஃபியூரான் வாயுக்கள் உருவாகாமலிருக்க 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். சுவரில் மாட்டும் எரிப்பான்கள் பெரும்பாலும் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடுகின்றன. ஈரமான நாப்கினைப் போட்டால் வெப்பம் இன்னும் இறங்கும். அருவிக்கரையில் வருவதெல்லாம் ஈரமானதுதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியும் எரிப்பானின் வெப்பநிலை பற்றிக் கண்டிப்பாகவே பேசுகிறது. காற்று வெளியேறாத கழிப்பறைக்குள் அரைகுறையாக எரிய விடுவது, அங்கே நாள் முழுக்க வேலைபார்க்கும் பணியாளரின் நுரையீரலுக்குக் குப்பையை மாற்றுவதாகும்.

மாற்று வழிகள் உண்டு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய நாப்கினை உறையில் சுற்றித் தர வேண்டும் என்றும் அந்த உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்றும் கூறின. புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்கள், கைபட்டு நோய் வராமலிருக்க, நாப்கின் பொட்டலத்தின்மேல் சிவப்புப் புள்ளி வைத்துத் தரும்படி நகரவாசிகளைக் கேட்டுக்கொண்டார்கள். அதே புனேயின் ‘பேட்கேர்’ நிறுவனம் தனித் தொட்டிகளில் சேகரித்த நாப்கினைக் கிருமிநீக்கம் செய்து, மரக்கூழையும் பிளாஸ்டிக்கையும் பிரித்தெடுக்கிறது. கொச்சி அருகே கும்பளங்கி ஊராட்சி 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது. வீட்டுப் பெண்களுக்கு மாதவிடாய்க் கிண்ணமும் பயிற்சியும் தந்து அந்த நிலையை நோக்கிப் போனார்கள். கிண்ணம் நல்ல தீர்வு. ஆனால் வெளியிடத்தில் அதைக் கழுவ, கதவுக்குள்ளேயே தண்ணீர்க்குழாய் வேண்டும். பொதுக் கழிப்பறையில் குழாய் வேலை செய்தால்தான் கும்பளங்கிப் பெண்ணும் குற்றாலத்துக்கு நிம்மதியாக வர முடியும்.

அருவிக்கரைக்கு இப்போதைக்குப் பொருந்துவது மூடியுள்ள, காலால் மிதித்துத் திறக்கும் தொட்டி, பக்கத்தில் பழைய செய்தித்தாள் உறைகள், அன்றன்றே அள்ளித் தனியாகக் கொண்டுபோகும் ஏற்பாடு. புகையில்லாத இந்த எளிய வழியில் பிழை நேர இடம் குறைவு.

மேலகரத்துக்கு ஒரு கணக்கு

இனி முதலில் போட்ட கணக்குக்குத் திரும்பலாம். ஆயிரம் பெண்கள் வரும் நாளில் நாற்பது நாப்கின். மக்கள் மருந்தக விலை ஒரு ரூபாய். சுயஉதவிக் குழுவிடம் வாங்கி உறை, கொண்டுவரும் கூலி எல்லாம் சேர்த்து ஐந்து ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 200 ரூபாய். தொண்ணூறு நாள் சீசனுக்கு 18,000. அருவிக்கரையின் கட்டணக் கழிப்பறையில் ஆளுக்கு ஐந்து ரூபாய் வாங்கினால் அந்த ஆயிரம் பெண்களிடமிருந்து ஒரே நாளில் வருவது 5,000. வரவில் நான்கு சதவீதம் நாப்கினுக்குப் போகிறது. குத்தகைதாரர் நொடித்துப்போகும் தொகை இல்லை இது.

ஆகவே முதல் சீர்திருத்தம் குத்தகைப் பத்திரத்தில் நடக்க வேண்டும். பேரூராட்சி கட்டணக் கழிப்பறையை ஏலம் விடும்போது தண்ணீர், விளக்கு, சுத்தம் என்ற நிபந்தனைகளோடு, “உடைமாற்றும் அறையிலும் கழிப்பறையிலும் நாப்கின் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும், காலியாக இருந்த நாளுக்கு அபராதம்” என்ற ஒரு வரி சேர்த்தால் போதும். நிரப்பும் பொறுப்பை உள்ளூர் மகளிர் குழுவுக்கு மாத ஒப்பந்தமாகத் தரலாம். தென்காசி நகராட்சி, மேலகரம், குற்றாலம் பேரூராட்சிகள், அருவிக்கரையின் மற்ற துறைகள் என்று பல கைகள் இங்கே இருப்பதால், எந்தக் கழிப்பறை யார் பொறுப்பு என்று கதவிலேயே எழுதிவைப்பது அவசியம்.

தொழில்நுட்பம் உதவ வேண்டிய இடம் இதுதான். கதவின் உட்புறம் ஒரு தொலைபேசி எண். மிஸ்டு கால் கொடுத்தால் அந்தக் கழிப்பறைக்கு உரியவருக்கும் பேரூராட்சி அலுவலகத்துக்கும் “காலி” என்று குறுஞ்செய்தி போகும். குளித்துத் திரும்பிக் கைபேசியைக் கையில் வாங்கியபின், பெயர் சொல்லாமல் ஒரு பெண் இதைச் செய்துவிடலாம். அவள் எண்ணைச் சேமித்துவைக்கத் தேவையில்லை. இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால், பெட்டியின் அடியில் ஓர் எடை உணர்கருவியும் சிம்மும் பொருத்தலாம். இருப்பு பத்துக்குக் கீழே இறங்கியதும் அதுவே செய்தி அனுப்பும். மலையடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், செய்தியைச் சேமித்துவைத்துச் சிக்னல் கிடைத்ததும் அனுப்பும்படி அமைக்க வேண்டும். கருவி கெட்டாலும் பெட்டி திறந்துதான் இருக்கும்; நாப்கின் கிடைப்பது நிற்காது. காசு வாங்கும் எந்திரம் கெட்டால் உள்ளே நாப்கின் இருந்தும் வெளியே வராது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே உணர்கருவியைப் பெட்டியின் அடியில் வைக்க வேண்டும். வாயில் வைக்கக் கூடாது.

மாதக் கடைசியில் எந்தக் கழிப்பறை எத்தனை மணி நேரம் காலியாக இருந்தது என்ற ஒரு பக்கப் பட்டியல் மன்றக் கூட்டத்துக்கு வரட்டும். உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் 2016இலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்தப் பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்று அந்த உறுப்பினர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்”

இத்தகைய யோசனை எழும்போதெல்லாம் வரும் முதல் மறுப்பு, திறந்த பெட்டியில் வைத்தால் ஒரே ஆள் மொத்தத்தையும் எடுத்துப்போய்விடுவார் என்பது. முதல் வாரங்களில் இது நடக்கக்கூடும். பொருள் நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற ஐயம் உள்ள இடத்தில் அள்ளத்தான் தோன்றும். என்றும் இருக்கும் என்ற நம்பிக்கை வந்தபின் அந்த அவசரம் தணியும். நிரப்புவது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறதோ அவ்வளவுக்கு அள்ளுவது குறையும். அப்படியும் ஒருத்தி பத்தை எடுத்துப்போனாள் என்று வைத்துக்கொள்வோம். புதுயுகத்தில் மாதத்துக்கு ஒன்பது கிடைத்து, மீதி ஆறுக்கு வழியில்லாத வீட்டுக்கு அவை போயிருக்கலாம். இழப்பு ஐம்பது ரூபாய். அந்த ஐம்பது ரூபாயைக் காப்பதற்காக, கையில் ஒன்றுமில்லாமல் ஈரத்துணியோடு நிற்கும் நாற்பது பேரையும் நாணயத்தாலும் கைபேசியாலும் வடிகட்டுவது நட்டக் கணக்கு.

எடுப்பவளை எண்ணும் எந்திரங்களை நிறையவே செய்துவிட்டோம். இந்த ஆண்டுச் சாரலுக்கு முன் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரியும் கதவுக்கு உள்ளே ஓர் எண்ணும் எழுதினால், வைக்காதவரை எண்ணவும் தொடங்கலாம்.